சோம்பேறி என்று யாரைச் சொல்கிறோம்? ஒரு வசவின் மருத்துவ வரலாறு

1/
வேலை செய்யாம இருக்கறவங்களைத் திட்டறதுக்கு நம்மகிட்ட எத்தனை சொல் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. மட்டம் போடறது, டிமிக்கி குடுக்கறது, டபாய்க்கிறது, ஓபி அடிக்கிறது, வெட்டி ஆபீசர், தண்டச்சோறு. இங்கிலீஷ்காரன் இதுல நம்மளவிடப் பெரிய ஆள். அவன் அகராதில இதுக்குன்னே தனி அலமாரி வைக்கலாம்.

2/
அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன, அதுக்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம், இதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்துடுங்க. (அப்புறம் ஒண்ணு, "ஓபி அடிக்கிறான்"னு நீங்க சொல்றப்ப அரசு டாக்டர்களுக்கு மட்டும் சிரிப்பு வரும். எங்களுக்கு ஓபின்னா தலை நிமிர முடியாத வேலை.)

3/
இந்த இங்கிலீஷ் சொற்கள்ல நிறைய பட்டாளத்துல புழங்கி வந்தவை. காரணம் எளிது. சொந்த வயல்ல உழைக்கிறவன் ஒருநாள் படுத்துட்டா நஷ்டம் அவனுக்கு. சிப்பாய் படுத்துட்டா அது குற்றம். குற்றம்னு ஆனதும் அதுக்குப் பேர் வேணும், பிடிக்க ஆள் வேணும், தண்டனை வேணும்.

4/
அதுல எங்க துறைக்குள்ள நேரா நுழைஞ்ச சொல் 'மாலிங்கரிங்'. நோய் இருக்கற மாதிரி நடிச்சு வேலையிலிருந்து தப்பிக்கிறது. 'மாலாங்ர்'ங்கற பிரெஞ்சுச் சொல்லோட சொந்தம். அதுக்குப் பொருள் நோஞ்சான். 1785ல பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சை அகராதியிலேயே இதை ராணுவச் சொல்லா பதிவு பண்ணிருக்கார்.

ஒண்ணு கவனிச்சீங்களா? நோஞ்சானைக் குறிச்ச சொல்தான் ஏமாத்துக்காரனைக் குறிக்கிற சொல்லா மாறிடுச்சு. இந்த இழை முழுக்க நடக்கப்போறதும் அதேதான்.

5/
'ஸ்கிரிம்ஷாங்க்' பிரிட்டிஷ் பட்டாளத்துக் கொச்சை, 19ஆம் நூற்றாண்டு. 'ஸ்கைவ்' முதல் உலகப்போர்க் காலத்துல பரவினது. பிரெஞ்சுல நழுவறதைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்திருக்கலாம்னு சொல்றாங்க. பிரிட்டனில் இன்னிக்கும் ஸ்கூலுக்கு மட்டம் போடற பசங்க சொல்ற சொல் இதுதான்.

6/
'ஸ்விங்கிங் த லெட்'டுக்கு அழகா ஒரு கதை உண்டு. கப்பல்ல ஆழம் பார்க்க ஈயக்குண்டைக் கயித்துல கட்டிக் கடல்ல விடுவாங்க. சோம்பேறி மாலுமி குண்டைத் தண்ணியில போடாம சும்மா ஆட்டிக்கிட்டே நிப்பானாம். கதை நல்லா இருக்கு. ஆனா பழைய பதிவுகள்ல இந்தச் சொல் கிடைக்கறது கடற்படையில இல்ல, முதல் உலகப்போர்ச் சிப்பாய்கள் வாயில.

7/
அமெரிக்காவுல 'கோல்ட்பிரிக்'. 19ஆம் நூற்றாண்டுல பித்தளைக் கட்டிக்குத் தங்க முலாம் பூசி, தங்கக்கட்டின்னு வித்த மோசடி அங்க பிரபலம். வெளியே மினுக்கு, உள்ளே ஒண்ணுமில்ல. அந்தப் பேரையே அமெரிக்கப் பட்டாளத்துல வேலையை ஏய்க்கிறவனுக்கு வெச்சுட்டாங்க.

8/
நமக்குத் தெரிஞ்ச சொல்லுக்கு வருவோம். 'லோஃபர்'. 1830கள்ல அமெரிக்காவுல கிளம்பின சொல். நம்ம ஊர்ல இது பொறுக்கின்னு பொருள் தர்ற வசவு. ஆனா பிரிட்டிஷ் இந்தியாவுல 'லோஃபர்'னு குறிப்பா யாரைச் சொன்னாங்க தெரியுமா? வேலை போய், காசில்லாம ஊர் ஊரா திரிஞ்ச வெள்ளைக்காரனை!

கப்பல்லயும் ரயில்வேயிலயும் வேலை இழந்தவங்க, பட்டாளத்தை விட்டு வந்தவங்க பிச்சை எடுத்துத் திரிஞ்சா ஆளும் இனத்தோட மானம் போயிடுமேன்னு 1869ல 'ஐரோப்பிய நாடோடிகள் சட்டம்'னு தனிச் சட்டமே போட்டாங்க. பிடிச்சு விடுதியில அடைச்சு வேலை வாங்கினாங்க, சிலரைக் கப்பலேத்தி அனுப்பினாங்க.

9/
இப்ப மருத்துவத்துக்கு வருவோம். முதல்ல நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். நடிக்கிறவங்க இருக்காங்க. எப்பவும் இருந்திருக்காங்க.

டிராய் போருக்குப் போக மனசில்லாத ஒடிசியஸ் பைத்தியம் மாதிரி நடிச்சு, பொருந்தாத மிருகங்களை ஏர்ல பூட்டி வயல்ல உப்பை விதைச்சானாம். பாலமீடிஸ்ங்கறவன் ஒடிசியஸோட கைக்குழந்தையைத் தூக்கி ஏருக்கு முன்னால வெச்சான். அப்பன்காரன் ஏரைத் திருப்பிட்டான், குட்டு உடைஞ்சுது. உலகத்தோட முதல் 'மாலிங்கரிங் டெஸ்ட்'னு இதைச் சொல்லலாம்.

10/
கதை மட்டும் இல்ல. ரோமாபுரி காலத்து மருத்துவர் கேலன், நோய் நடிப்பை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு ஒரு சிறு நூலே எழுதியிருக்கார். நெப்போலியன் போர்க் காலத்துல பிரிட்டிஷ் சிப்பாய்கள் கண்ணுல எரிச்சல் தர்ற பொருளைப் போட்டு, எகிப்துலேருந்து வந்த கண்நோய் மாதிரி காட்டினாங்க. முதல் உலகப்போர்ல மஞ்சக்காமாலை மாதிரி தெரியணும்னு பிக்ரிக் அமிலத்தை முழுங்கினவங்க உண்டு. அது வெடிமருந்துல போடற பொருள்!

யோசிச்சுப் பாருங்க. வெடிமருந்தைத் தின்னாவது தப்பிக்கணும்னு ஒருத்தன் நினைச்சா, அவன் எங்கிருந்து தப்பிக்கப் பார்த்தான்?

11/
நடிப்பு எது, நோய் எதுன்னு சொல்ற பொறுப்பு டாக்டர் தலையில விழுந்தது. 1843ல ஹெக்டர் கேவின் இதுக்குன்னு தடிப் புத்தகம் போட்டார். பிரிட்டனில் 1897லயும் 1906லயும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1911ல தேசியக் காப்பீட்டுச் சட்டம். உடம்பு முடியலைன்னா பணம் கிடைக்கும்னு வந்ததும் சந்தேகம் பட்டாளத்திலிருந்து தொழிற்சாலைக்கு வந்துடுச்சு. 1913ல சர் ஜான் கோலி எழுதின 'மாலிங்கரிங்' நூல் அந்தக் காலத்துக் காப்பீட்டு டாக்டர்களுக்குக் கைப்புத்தகம்.

12/
அடுத்த வருஷம் முதல் உலகப்போர். குண்டுவெடிப்புக்கு நடுவுல மாசக்கணக்கா பதுங்குகுழியில கிடந்தவங்க நடுங்க ஆரம்பிச்சாங்க. பேச்சு நின்னுச்சு, கண் தெரியலை, கால் வரலை. உடம்புல காயம் ஒண்ணும் இல்ல. 1915 பிப்ரவரியில சார்லஸ் மையர்ஸ் 'லான்செட்' இதழ்ல இதைப் பத்தி எழுதினார். 'ஷெல் ஷாக்'ங்கற பேர் மருத்துவ உலகத்துக்குள்ள வந்தது.

13/
ஹாரி ஃபார். பிரிட்டிஷ் சிப்பாய், 25 வயசு. 1915ல ஷெல் ஷாக்குன்னு மாசக்கணக்கா ஆஸ்பத்திரியில இருந்தவர். திரும்ப முன்வரிசைக்கு அனுப்பினாங்க. 1916 செப்டம்பர்ல "என்னால முடியலை"ன்னு மறுத்துட்டார். விசாரணை சுமார் 20 நிமிஷம். அவருக்காகப் பேச ஆள் இல்லை. கோழைத்தனம்னு தீர்ப்பு. 1916 அக்டோபர்ல ஒருநாள் காலையில அவங்க படையே அவரைச் சுட்டுக் கொன்னுது.

14/
இப்படி, ஓடிப்போனது, கோழைத்தனம் மாதிரியான குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் அந்தப் போர்ல சுட்டுக்கொன்னவங்க 306 பேர். எல்லாரும் ஷெல் ஷாக் நோயாளிகள்னு சொல்ல முடியாது. ஆனா எத்தனை பேருக்கு நோய் இருந்ததுன்னு அன்னிக்கு யாரும் ஒழுங்கா பார்க்கலை. 2006ல, 90 வருஷம் கழிச்சு, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவங்களுக்கு மன்னிப்பு வழங்குச்சு. அதுக்காகப் போராடினவங்கள்ல ஹாரி ஃபாரோட மகளும் ஒருத்தர். அப்ப அந்தம்மாவுக்குத் தொண்ணூறு வயசுக்கு மேல.

15/
"அதெல்லாம் அந்தக் காலம்"னு நினைக்கறீங்களா? அடுத்த உலகப்போர். 1943 ஆகஸ்ட் 3, சிசிலி. அமெரிக்கத் தளபதி பேட்டன் ராணுவ ஆஸ்பத்திரியைச் சுத்திப் பார்க்க வர்றார். காயமே இல்லாம ஒரு சிப்பாய் உட்கார்ந்திருக்கார். என்னன்னு கேட்டா, தாங்க முடியலைங்கறார். பேட்டன் கையுறையால அறைஞ்சு, சட்டையைப் பிடிச்சு வெளியே தள்ளினார்.

அந்தச் சிப்பாய்க்குப் பிறகு டெம்பரேச்சர் பார்த்தாங்க. 102க்கு மேல. ரத்தத்துல மலேரியா கிருமி. கூடவே நாள்பட்ட வயித்துப்போக்கு.

ஒரு வாரம் கழிச்சு இன்னொரு ஆஸ்பத்திரியில இன்னொரு சிப்பாயையும் பேட்டன் அறைஞ்சார். மேலதிகாரி ஐசன்ஹோவர் கண்டிச்சு, மன்னிப்புக் கேட்க வெச்சார்.

16/
இதுவரைக்கும் நோயாளியை நடிகன்னு சொன்ன கதை. இப்ப அதைத் தலைகீழா திருப்பின ஒரு டாக்டரைப் பாருங்க. சாமுவேல் கார்ட்ரைட், அமெரிக்காவோட லூசியானா மாநிலம். 1851ல ரெண்டு புது 'நோய்களை'க் கண்டுபிடிச்சதா எழுதினார். ரெண்டும் கறுப்பின மக்களுக்கு மட்டும் வர்றதாம்.

முதல் நோய் 'டிராப்டோமேனியா'. அறிகுறி: எஜமான்கிட்டேருந்து தப்பி ஓடறது.

17/
ரெண்டாவது 'டிசீஸ்தீசியா ஈத்தியோப்பிகா'. அறிகுறி: மந்தமா வேலை செய்யறது, கருவியை உடைக்கிறது, பயிரை நாசம் பண்றது. வைத்தியம் என்ன எழுதினார் தெரியுமா? வெந்நீர்ல சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, அகலமான தோல்வாரால அடிச்சு எண்ணெயை உள்ளே இறக்கணும். அப்புறம் வெயில்ல கடுமையான வேலை குடுக்கணும்.

கூலியே இல்லாத வேலையை ஒருத்தன் ஆசையா செய்யலைங்கறதுக்கு ஒரு மருத்துவப் பத்திரிகையில லத்தீன் மாதிரி பேர் வெச்சுச் சவுக்கடியை மருந்துச்சீட்டா எழுதினாங்க. என் தொழிலோட வரலாற்றுல இப்படி ஒரு பக்கம் இருக்குன்னு எல்லா டாக்டரும் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

18/
மெதுவா வேலை செய்யறது ஒரு பேச்சுவார்த்தையாகவும் இருக்கலாம். 1889, ஸ்காட்லாந்தோட கிளாஸ்கோ துறைமுகம். கூலி உயர்வு கேட்டு சுமைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். முதலாளிகள் பண்ணையாட்களைக் கூட்டிட்டு வந்து சமாளிச்சாங்க. அவங்களுக்கு மூட்டை தூக்கவும் வராது, கப்பல்ல நிக்கவும் வராது. ஆனா அவங்க வேலை நல்லா இருக்குன்னு முதலாளிகள் பாராட்டினாங்க. வேலைநிறுத்தம் தோத்துப் போச்சு.

19/
திரும்ப வேலைக்குப் போறப்ப தொழிற்சங்கம் ஒரே ஒரு அறிவுரை சொல்லுச்சு. "பண்ணையாட்கள் வேலை நல்லா இருக்குன்னு சொன்னாங்கல்ல? நீங்களும் அப்படியே செய்யுங்க." அவ்வளவுதான். மூட்டை நழுவுது, ஒரு ஆள் வேலைக்கு ரெண்டு ஆள். சில நாள்லயே முதலாளிகள் இறங்கி வந்தாங்க. இந்த முறைக்குப் பேர் 'கா கேனி'. ஸ்காட்லாந்துப் பேச்சுல "பாத்துப் பைய போ"ன்னு அர்த்தம்.

20/
தொழிற்சாலை மேலாண்மையோட தந்தைன்னு சொல்ற ஃபிரடெரிக் டெய்லர் 1911ல எழுதின நூல்ல இதுக்கு அமெரிக்கப் பேர் 'சோல்ஜரிங்'னு குறிப்பிடறார். பாருங்க, இங்கயும் சிப்பாய்தான்! ஸ்டாப்வாட்ச் வெச்சு வேலையை அளந்தவர் அவர். ஆனா அவரே ஒண்ணை ஒத்துக்கிட்டார். இயல்பான சோம்பலைவிட, கணக்குப் போட்டு மெதுவாகறதுதான் அதிகம். ஏன்னா வேகமா செஞ்சா ஒரு பீஸுக்கான கூலியைக் குறைச்சுடுவாங்கன்னு தொழிலாளிக்குத் தெரியும்.

21/
இதையே ஒரு நாடு முழுக்க வெச்சுப் பார்த்தவர் ஹோசே ரிசால். பிலிப்பைன்ஸ் விடுதலை வீரர். அவர் ஒரு கண் டாக்டரும்கூட. "பிலிப்பினோ மக்கள் பிறவிச் சோம்பேறிகள்"னு ஸ்பானியர்கள் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ரிசால் 1890ல அதுக்கு ஒரு நீண்ட கட்டுரையா பதில் எழுதினார்.

"சோம்பலே இல்லை"ன்னு அவர் சாதிக்கலை. இருக்கு, ஆனா அது பரம்பரை நோய் இல்ல, பிற்பாடு வந்து நாள்பட்டுப் போன நோய்ங்கறார். ஸ்பானியர் வர்றதுக்கு முன்னாடி இதே ஜனங்க கடல் தாண்டி வியாபாரம் பண்ணினவங்க. கட்டாய வேலை, விளைஞ்சதைப் பிடுங்கிக்கிற ஆட்சி, உழைச்சாலும் மிஞ்சாதுங்கற அனுபவம், இதெல்லாம் சேர்ந்து வந்த விளைவு அது. சுத்தமான டாக்டர் மூளை. அறிகுறியைப் பார்த்துத் திட்டாம காரணத்தைத் தேடியிருக்கார்.

22/
மலேசிய ஆய்வாளர் சையது உசேன் அலாட்டாஸ் 1977ல இதைப் பத்தி ஒரு முழு நூலே எழுதினார். மலாய் விவசாயி சொந்த நிலத்துல உழைச்சான். வெள்ளைக்காரன் தோட்டத்துல அவன் சொன்ன கூலிக்கு உழைக்க மாட்டேன்னான். அதுக்குக் கிடைச்ச பட்டம் 'சோம்பேறி'. அந்தத் தோட்டங்கள்ல வேலை செய்யக் கப்பலேத்திக் கொண்டுபோனது யாரைன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்ம ஆளுங்களைத்தான்.

23/
இப்ப இந்த இழையோட முக்கியமான கதை. அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல ஏழை வெள்ளை விவசாயிகள் நாடு முழுக்கக் கேலிப்பொருள். வெளிறின முகம், தொங்கற தோள், மண்ணைத் திங்கற பழக்கம், எந்நேரமும் திண்ணையில குந்தியிருக்கறது. சோம்பேறிப் பரம்பரைன்னு முடிவு பண்ணிட்டாங்க.

24/
சார்லஸ் வார்டல் ஸ்டைல்ஸ்னு ஒரு விலங்கியலாளர். ஒட்டுண்ணிப் புழுக்கள்ல நிபுணர். அவர் அந்த ஜனங்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி வேற. "இவங்க வயித்துல என்ன இருக்கு?" மலத்தை மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்தார். கொக்கிப்புழு முட்டைகள்.

1902ல அதை ஒரு மாநாட்டுல சொன்னார். பத்திரிகைகள் 'சோம்பேறித்தனத்தின் கிருமி'ன்னு கிண்டலா தலைப்புப் போட்டுச்சு.

25/
கொக்கிப்புழு என்ன பண்ணும்? வெறுங்கால்ல ஈரமண்ணை மிதிச்சா லார்வா தோலைத் துளைச்சு உள்ள போகும். ரத்தத்தோட நுரையீரல் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, முழுங்கப்பட்டு, குடல்ல பல்லைப் பதிச்சுத் தொங்கும். வகையைப் பொறுத்து ஒரு புழு ஒருநாளைக்கு 0.03 முதல் 0.2 மி.லி. ரத்தம் வரைக்கும் வீணாக்கும்.

சின்ன அளவுதானேன்னு தோணும். பெரிய வகையில 100 புழு இருந்தா நாளைக்கு 20 மி.லி. மாசத்துக்கு 600 மி.லி. நீங்க ஒருதடவை ரத்ததானம் பண்றது 350 மி.லி. அதைப் பண்ணிட்டு உட்கார்ந்து ஜூஸ் குடிக்கறோம். இவங்க மாசம் ரெண்டு தடவை தானம் பண்ற மாதிரி, வருஷம் முழுக்க, அரைவயித்துக் கஞ்சியோட.

மண்ணு திங்கறாங்கன்னு சிரிச்சாங்களே, அதுவும் இரும்புச்சத்துக் குறைவோட சேர்ந்து வர்ற அறிகுறிதான்.

26/
1909ல ராக்ஃபெல்லர் பத்து லட்சம் டாலர் குடுத்து ஒழிப்பு ஆணையம் அமைச்சார். 11 மாநிலங்கள். சோதிச்ச பள்ளி வயசுப் பிள்ளைங்கள்ல கிட்டத்தட்ட 40 சதவீதம் பேருக்குப் புழு. தைமால்னு ஒரு மருந்து, பேதிக்கு எப்சம் உப்பு, கூடவே கழிப்பறை கட்டச் சொல்லி ஊர் ஊரா பிரசாரம்.

2007ல வந்த ஹாய்ட் பிளீக்லியோட பொருளாதார ஆய்வு அதோட பலனைக் கணக்குப் போட்டுது. புழு அதிகமா இருந்த பகுதிகள்ல, ஒழிப்புக்குப் பிறகு பிள்ளைங்க ஸ்கூலுக்கு வர்றதும் எழுதப் படிக்கறதும் மத்த இடங்களைவிட வேகமா கூடுச்சு. வளர்ந்தப்புறம் அவங்க வருமானமும் கூடுச்சு. பரம்பரை மாறலை, புத்திமதியும் சொல்லலை. புழு போச்சு.

27/
இதே ராக்ஃபெல்லர் அமைப்பு 1916ல இலங்கைக்கு வந்தது. தேயிலைத் தோட்டங்கள்ல கொக்கிப்புழு ஒழிப்பு. அங்க கொழுந்து பறிச்சது பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன தமிழ்த் தொழிலாளிங்க. லயத்துல கழிப்பறை கிடையாது, கால்ல செருப்பு கிடையாது, மண்ணு எப்பவும் ஈரம். புழுவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வேகம் பத்தலைன்னு வசவு வாங்கினவங்கள்ல எத்தனை பேர் ரத்தம் வத்திப்போய் அந்த மலையேறினாங்களோ.

28/
சரி, இன்னிக்கு? 'வாடல் அறிகுறிகள்'னு எங்க படிப்புல ஒண்ணு வரும். 1980ல கார்டன் வாடல்ங்கற எலும்பு மருத்துவர் முதுகுவலிக்காக எழுதினது. வலிக்குப் பின்னால மனச்சுமையும் இருக்கலாம், அதையும் கவனிங்கன்னு சொல்ல வந்தார். வக்கீல்களும் காப்பீட்டுக்காரங்களும் அதை எடுத்து "நடிக்கிறான்"னு நிரூபிக்கப் பயன்படுத்தினாங்க. 1998ல அவரே, இது நடிப்பைக் கண்டுபிடிக்கிற சோதனை இல்லன்னு விளக்கம் எழுத வேண்டியதாச்சு. உதவிக்கு வந்த சொல்லும் வசவாகிடுது, பாருங்க.

29/
லீவு லெட்டருக்காக வயித்துவலின்னு ஓபிக்கு வர்றவங்களும் உண்டு. தெரியாம இல்ல. ஆனா கணக்கு எளிது. நடிக்கிற ஒருத்தரை நான் நம்பிட்டா நஷ்டம் ரெண்டு நாள் லீவு. நோயாளி ஒருத்தரை நடிகர்னு சொல்லிட்டா நஷ்டம் எவ்வளவுன்னு ஹாரி ஃபார் வீட்டைக் கேக்கணும்.

30/
அதனால வீட்ல யாரையாவது "எப்பப் பாரு படுத்தே கிடக்கு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க:

• ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு இருக்கு. தமிழ்நாட்டுலயும் பாதிக்கு மேல.
• தைராய்டு குறைவு. அசதி, எடை கூடறது, குளிர் தாங்காதது, மலச்சிக்கல்.
• சர்க்கரை.
• காசநோய். மாலைக் காய்ச்சல், எடை குறையறது, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்.
• குறட்டையோட மூச்சு நின்னு நின்னு வர்ற தூக்கம். ராத்திரி எட்டு மணி நேரம் படுத்தும் பகல்ல தூங்கி விழுவாங்க.
• மனச்சோர்வு. எழுந்து குளிக்கறதே மலையேறற மாதிரி இருக்கும். "கொஞ்சம் வெளிய போயிட்டு வா"ங்கறது இதுக்கு வைத்தியம் இல்ல.
• ஸ்கூல்ல மந்தம்னு சொல்ற பிள்ளைக்குக் கண்ணும் காதும்.

31/
பிள்ளைங்களுக்கு தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015லேருந்து நடக்குது. பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் ஸ்கூல்லயும் அங்கன்வாடியிலயும் அல்பெண்டசோல் மாத்திரை குடுப்பாங்க. "எங்க பிள்ளைக்கெல்லாம் பூச்சி இல்ல"ன்னு சீட்டு எழுதி அனுப்பாதீங்க. சாப்பிட வைங்க.

32/
அத்தனையும் பார்த்து எல்லாம் நார்மல்னா? அப்பவும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு. கிளாஸ்கோ துறைமுகத்துல கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இந்த வேலையில அவங்களுக்கு என்ன மிஞ்சுது? காலையில அஞ்சு மணிக்கு எழுந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஓடற அம்மா மதியம் அரை மணி நேரம் படுத்தா அதுக்குப் பேர் சோம்பல் இல்ல, ஓய்வு.

அந்த அம்மாவை இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஹீமோகுளோபின் பாத்துடுங்க. ஒரு சொட்டு ரத்தம் போதும். காசு கிடையாது.